ஷோகன் 2 முழு வழிகாட்டி: முதல் ஒப்பந்தத்திலிருந்து கியோட்டோ வரை

பழைய ஜப்பானின் குலப் போர்களைக் களமாகக் கொண்ட டோட்டல் வார்: ஷோகன் 2 என்ற கணினி ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள், தாங்கள் போர்க்களத்தில் தோற்றுவிட்டதாகவே பெரும்பாலும் நினைக்கிறார்கள். அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால், அந்தத் தோல்வி பல சுற்றுகளுக்கு முன்பே ராஜதந்திரத் திரையில் முடிவாகிவிட்டது தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எல்லைகளில் பகையைத் தேடிக்கொண்டு, இருக்கும் ஒரு படையைப் பிரித்து அனுப்பி, ஒவ்வொரு களத்திலும் எண்ணிக்கையில் குறைந்தே நிற்கிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி உறவில் தொடங்கிப் போருக்குச் செல்கிறது. போரிலிருந்து மீண்டும் உறவுக்குத் திரும்புகிறது. ஒரு படியின் பயன் அடுத்த படியில்தான் தெரியவரும் என்பதால், எண்வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் குலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிமாசு குலம் கியூஷு தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள சத்சுமாவில் தொடங்குகிறது. சோசோகாபே குலம் ஷிகோகு தீவின் தென்பகுதியான தோசாவில் தொடங்குகிறது. இரண்டுக்கும் முதுகுப்புறம் கடல் இருப்பதால், காக்க வேண்டிய நில எல்லை குறைவு. ஓவாரியில் தொடங்கும் ஓடா குலத்துக்கு அந்த வசதி இல்லை. வரைபடத்தின் நடுவில், பல குலங்களுக்கு இடையே அது நிற்கிறது. மிகாவாவில் தொடங்கும் தொகுகாவா குலம் இன்னொரு குலத்துக்கு அடங்கிய நிலையில் ஆட்டத்தைத் தொடங்குவதால், அதன் உறவுக் கணக்கு இன்னும் சிக்கலானது. முதல் ஆட்டத்துக்கு ஷிமாசு அல்லது சோசோகாபே போதும் என்பது என் உறுதியான கருத்து. உறவுகளைக் கையாளக் கற்கும்போது தவறுகள் நேரும். அவற்றைத் தாங்கும் இடம் மூலையில்தான் கிடைக்கிறது.

கடினநிலையை நார்மலில் வையுங்கள். மேல்நிலைகளில் கணினிக்குக் கூடுதல் சலுகைகள் கிடைக்கின்றன. அங்கே தோற்றால், உங்கள் வரிசை தவறா, எதிரிக்குக் கிடைத்த சலுகையா என்று பிரித்தறிய முடியாது. எல்லாவற்றிலும் கடினமான லெஜண்டரி நிலையில் விருப்பப்படி சேமிக்கவும் முடியாது.

ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். அண்டைக் குலத்தின் பெயர், அது யாரோடு போரில் இருக்கிறது, நம்மைப் பற்றிய அதன் மனப்பான்மை, அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று நான்கு பத்திகள் போதும். திரையில் இவை அனைத்தும் உண்டு. ஆனால் தனித்தனி இடங்களில் சிதறிக் கிடப்பதால், ஒருசேரப் பார்க்காதவர்கள் தவறான அண்டை வீட்டோடு போரைத் தொடங்குகிறார்கள்.

2. முதல் சுற்றில் வரைபடத்தைப் படித்தல்

படையை நகர்த்துவதற்கு முன் ராஜதந்திரத் திரையைத் திறந்து, அறிமுகமான ஒவ்வொரு குலத்தின் பெயரையும் அழுத்திப் பாருங்கள். அது உங்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கான காரணங்கள் கூட்டலும் கழித்தலுமாகக் காட்டப்படும். உங்கள் டைம்யோவின் (குலத் தலைவரின்) மானம், மத வேறுபாடு, நிலப்பரப்பு விரிவாக்கம், பழைய போர்கள், பொதுவான நண்பர்கள், பொதுவான எதிரிகள் ஆகியவை அங்கே இடம்பெறும்.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நகர்ந்துவிடுவது புதியவர்களின் வழக்கம். காரணங்களைப் படிப்பது அதைவிட முக்கியம். ஏனெனில் சில காரணங்களை மாற்ற முடியும், சிலவற்றை மாற்ற முடியாது. மத வேறுபாட்டினால் வந்த கழித்தல் நீங்கள் மதம் மாறாதவரை நீங்காது. விரிவாக்கத்தினால் வரும் கழித்தல் நீங்கள் நாடுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறும். வணிகத்தினால் வரும் கூட்டல் காலப்போக்கில் வளரும். நீங்காத கழித்தல் உள்ள குலத்தைப் பரிசு கொடுத்து நட்பாக்க முயல்வது வீண் செலவு. அந்தக் குலத்தை எதிரிப் பட்டியலில் இப்போதே எழுதிவிடலாம்.

அடுத்து, உங்கள் எல்லையில் எந்தப் பக்கம் மூடியிருக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். போர் நடக்கப்போகும் எல்லை ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மற்ற எல்லைகள் எல்லாம் ஒப்பந்தத்தால் மூடப்பட வேண்டியவை. இனி வரும் இரண்டு படிகளும் அந்த வேலைக்கானவை.

3. வணிக ஒப்பந்தங்களை முதலில் செய்தல்

கூட்டணிக்கு முன் வணிகம். கூட்டணி கேட்டால் மறுக்கும் குலங்கள்கூட வணிகத்துக்கு எளிதில் இணங்கும். வணிகம் நடக்கும் காலமெல்லாம் உறவும் மெல்ல மெல்ல உயர்வதால், சில சுற்றுகள் கழித்து அதே குலம் கூட்டணிக்கு இணங்கும் நிலைக்கு வந்துவிடும். நேராகக் கூட்டணி கேட்டு, மறுப்பு வந்ததும் கைவிட்டுவிடுகிறவர்கள் இந்த ஏணியின் முதல் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள்.

ஒப்பந்தத்தை அனுப்பும் முன், இணங்கும் வாய்ப்பு எந்த அளவு என்று திரை காட்டும். வாய்ப்பு நடுத்தரமாக இருந்தால் சிறிதளவு கோக்கு சேர்த்துப் பாருங்கள். கோக்கு என்பது இந்த ஆட்டத்தின் பணம். தொகையைச் சிறிது சிறிதாக ஏற்றினால் வாய்ப்பு உயரும் இடம் தெரியும். அதற்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. வாய்ப்பு நன்றாகவே இருந்தால், எதிர்ப்பக்கமிருந்து பணம் கேட்டுப் பார்ப்பதும் தவறில்லை.

வணிக வழிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கடல்வழி வணிகத்துக்குத் துறைமுகம் தேவை. துறைமுகம் வளர வளர வழிகளும் கூடும். ஆகவே கிடைத்த முதல் குலத்தோடு இடத்தை நிரப்பிவிடாமல், போர் தொடுக்கும் எண்ணம் இல்லாத குலத்துக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். அடுத்த ஆண்டே தாக்கப்போகும் குலத்தோடு வணிகம் செய்தால், போர் அறிவிக்கும் நாளில் வருமானமும் போகும், மானமும் குறையும்.

மேற்குக் கடலில் உள்ள வணிக முனைகளுக்கு வணிகக் கப்பல்களை இயன்றவரை விரைவில் அனுப்புங்கள். ஷிமாசுவும் சோசோகாபேயும் அவற்றுக்கு அருகில் இருப்பது பெரிய நன்மை. ஆனால் முனையில் பெறும் சரக்கு வணிக ஒப்பந்தங்களின் வழியாகத்தான் பணமாகிறது. ஒப்பந்தம் இல்லாமல் கப்பல்களை அனுப்பிவிட்டு, வருமானம் ஏன் ஏறவில்லை என்று திகைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பல்களைக் காக்கச் சிறிய போர்க்கப்பல்கள் சிலவும் வேண்டும். காவலற்ற வணிகக் கப்பல் முதல் எதிரிக் கப்பலோடு முடிந்துவிடும்.

4. கூட்டணிகளைத் தூரம் பார்த்துச் செய்தல்

கூட்டணி என்பது பாதுகாப்பு மட்டுமன்று, கடமையும்கூட. உங்கள் கூட்டாளி தாக்கப்பட்டால், போரில் சேர்கிறீர்களா என்று ஆட்டம் கேட்கும். மறுத்தால் கூட்டணி முறியும். டைம்யோவின் மானமும் கெடும். உங்கள் கூட்டாளிகள் இருவர் தங்களுக்குள் போரிட்டால், ஒருவரை இழந்தே தீர வேண்டும். ஆகவே எல்லோரோடும் கூட்டணி வைத்தால் எல்லோருடைய போரும் உங்கள் போராகிவிடும்.

நல்ல கூட்டாளி, நீங்கள் தாக்கப்போகும் குலத்துக்குப் பின்னால் இருப்பவர். அவர் எதிரியின் படையில் ஒரு பகுதியை அந்தப் பக்கம் இழுத்து நிறுத்துவார். அதற்கு அடுத்த தகுதி, நீங்கள் மூட விரும்பும் எல்லையில் இருப்பவருக்கு. இந்த இரண்டிலும் அடங்காத குலத்தோடு வணிகம் போதும்.

உறவை மேலும் இறுக்கத் திருமணமும் பணயமும் இருக்கின்றன. குடும்பத்துப் பிள்ளையைப் பணயமாக அனுப்பினால் உறவு உயரும்; ஆனால் நீங்களே அந்த உறவை முறித்தால் பிள்ளையின் உயிர் போகும். மூடிய எல்லை நெடுங்காலம் மூடியே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். படை கடந்துசெல்லும் அனுமதியை யாருக்கும் எளிதில் கொடுக்க வேண்டாம். அந்நியப் படை உங்கள் கோட்டையின் அருகில் நிற்கும்போது, உறவு முறிந்தால் தயாராக ஒரு சுற்றுகூடக் கிடைக்காது.

மானத்தைப் பற்றி ஒரு சொல். அது உறவுகளில் மட்டுமன்றி, உங்கள் தளபதிகளின் விசுவாசத்திலும் வெளிப்படும். ஒப்பந்தத்தை முறித்து ஒரு மாகாணத்தைப் பிடித்தவர், சில ஆண்டுகள் கழித்துத் தன் தளபதி ஒருவர் படையோடு எதிர்ப்பக்கம் போனதற்கும் அந்த முறிவுக்கும் தொடர்பு இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

5. போரை அறிவிக்கும் தருணம்

போர் தொடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். எதிரியின் முதன்மைப் படை எங்கே இருக்கிறது? அவருடைய கூட்டாளிகளில் யார் என் எல்லையைத் தொடுகிறார்கள்? என் படை கோட்டையை அடைய எத்தனை சுற்றுகள் ஆகும்? அதற்குள் குளிர்காலம் வந்துவிடுமா?

முதல் கேள்விக்கு விடை காண நிஞ்சாவை முன்கூட்டியே எதிரி நிலத்துக்கு அனுப்புங்கள். நிஞ்சா வேவு பார்ப்பதோடு, எதிரிப் படையைச் சீர்குலைத்து ஒரு சுற்று நகரவிடாமல் தடுக்கவும் முடியும். எதிரியின் இரண்டு படைகள் ஒன்றுசேரும் முன் ஒன்றைத் தனியாகப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு சுற்று ஒரு பருவம். நான்கு சுற்றுகள் ஓர் ஆண்டு. குளிர்காலத்தில் எதிரி மண்ணில் நிற்கும் படை, போரிடாமலேயே ஆட்களை இழக்கும். இளவேனிலில் புறப்பட்டால் மூன்று பருவங்கள் கையில் இருக்கும். இலையுதிர்காலத்தில் புறப்பட்டால், முற்றுகையின் நடுவில் பனி வந்து சேரும்.

போர் அறிவிப்பதும் தாக்குவதும் ஒரே சுற்றில் நடக்க வேண்டும். முதலில் அறிவித்துவிட்டுப் படையை அதன்பின் எல்லைக்கு நகர்த்துவது, எதிரிக்கு ஆள்சேர்க்க நேரம் கொடுப்பதாகும்.

6. படையை அமைத்தல்

ஒரு படையில் 20 அணிகள் வரை சேரும். தொடக்கக் காலத்தில் நான் பரிந்துரைக்கும் அமைப்பு: தளபதி 1, யாரி ஆஷிகாரு 8, வில் ஆஷிகாரு 6, கட்டானா சாமுராய் 3, இலகு குதிரைப்படை 2. யாரி என்பது நீண்ட ஈட்டி. ஆஷிகாரு என்போர் குறைந்த செலவில் சேரும் எளிய காலாட்கள். கட்டானா சாமுராய் வாள்வீரர்.

முழுப் படையையும் சாமுராய்களால் நிரப்பும் ஆசை இயல்பானது. தொடக்கத்தில் அது தவறு. அவர்களைச் சேர்க்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவில் இரண்டாவது படை ஒன்றையே நிறுத்தலாம். மேலும், ஈட்டிச் சுவர் அமைக்கும் திறன் யாரி ஆஷிகாருவிடம் இருக்கிறது. யாரி சாமுராயிடம் இல்லை. எதிரியை நிறுத்தும் வேலை ஆஷிகாருவுக்கும், நிறுத்தப்பட்ட எதிரியை உடைக்கும் வேலை சாமுராய்க்கும் உரியது என்று பிரித்துக்கொண்டால், எதை எவ்வளவு சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

அடிப்படைச் சமன்பாடு எளிது. ஈட்டி குதிரையை வெல்லும். குதிரை வில்லாளரையும் வாள்வீரரையும் வெல்லும். வாள் ஈட்டியை வெல்லும். ஆனால் ஈட்டிச் சுவரை நேர்முகமாக மோதும் வாள்வீரர் பெரும் இழப்புக்கு உள்ளாவார்கள். இந்த ஒரு விதிவிலக்குதான் மலிவான படையை வெல்லும் படையாக்குகிறது.

7. களத்தில் இடத்தைப் பிடித்தல்

போர் தொடங்கும் முன் அணிகளை நிறுத்தும் கட்டத்தில் நேரக் கட்டுப்பாடு இல்லை. கேமராவைக் கீழே இறக்கி, உங்கள் பகுதியில் உயரமான இடம் எது என்று பாருங்கள். மேலிருந்து எய்யும் அம்புக்கு வலிமை கூடும். மேட்டில் ஏறி வரும் எதிரி களைத்து வருவார். களைப்பு, வீரர்களின் சண்டைத் திறனையும் மனஉறுதியையும் குறைக்கும்.

உயரம் கிடைக்காவிட்டால் காட்டைத் தேடுங்கள். காட்டில் நிற்கும் அணி எதிரியின் கண்ணுக்கு எளிதில் படாது. குதிரைப்படையை ஓரத்துக் காட்டில் மறைத்துவைப்பது பலன் தரும். ஆனால் குதிரைகளைக் காட்டுக்குள்ளேயே சண்டையிட விடக்கூடாது.

எதிரி தாக்குபவராக இருந்தால் அவர்தான் உங்களை நோக்கி வர வேண்டும். நீங்கள் மேட்டில் காத்திருந்தால் போதும். நீங்கள் தாக்குபவராக இருக்கும்போது, வில்லாளர் எண்ணிக்கையில் மிஞ்சியிருந்தால், எதிரியைத் தம் இடத்தைவிட்டு வெளியே வரவைக்க முடியும். அம்பு மழையில் சும்மா நிற்க முடியாமல் அவர் முன்னேறுவார்.

8. அணிவகுப்பு

யாரி ஆஷிகாருவில் ஆறு அணிகளை ஒரே நேர்வரிசையில், இடைவெளி இன்றி நிறுத்துங்கள். மீதி இரண்டை வரிசையின் இரு முனைகளிலும் சற்றுப் பின்தள்ளி வையுங்கள். எதிரிக் குதிரைகள் சுற்றி வந்தால் இவை குறுக்கே நிற்கும். வில்லாளர் வரிசைக்கு முன்னால், விரிந்த அணிவகுப்பில். கட்டானா சாமுராய் வரிசைக்குப் பின்னால். தளபதி நடுவில், அவர்களுக்கும் பின்னால்.

தளபதிக்கு இந்த இடம் ஏன் என்றால், அவரைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் நிற்கும் அணிகளின் மனஉறுதி உயரும். அந்த வட்டம் முன்வரிசையைத் தொட வேண்டும்; தளபதி முன்வரிசையைத் தொடக்கூடாது. அவர் வீழ்ந்தால் முழுப் படையின் மனமும் ஒரேயடியாகத் தளரும். அவருடைய மெய்க்காவல் குதிரைப்படை வலிமையாகத் தெரிவதால் முதல் தாக்குதலிலேயே அதை ஏவுவதுதான், நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் விலை கொடுக்கவைப்பது.

இடைநிறுத்தத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். லெஜண்டரி தவிர்த்த நிலைகளில், ஆட்டத்தை நிறுத்திவைத்துக்கொண்டே கட்டளைகளைக் கொடுக்கலாம். அணிகளைக் குழுக்களாக எண்ணிட்டுவைத்தால், நெருக்கடியில் தேடும் நேரம் மிஞ்சும்.

9. போரை நடத்தும் வரிசை

அம்பிலிருந்து தொடங்குங்கள். எல்லா வில்லாளரையும் ஒரே எதிரி அணியின் மேல் ஏவுவது சிறந்தது. குறுகிய நேரத்தில் பெரிய இழப்பைச் சந்திக்கும் அணிதான் மனம் உடையும். அதே இழப்பு ஆறு அணிகளுக்குப் பரவினால் ஒன்றும் உடையாது. முதல் இலக்கு எதிரியின் வில்லாளராக இருக்கட்டும். அவர்கள் குறைந்துவிட்டால், நெருங்க வேண்டிய கட்டாயம் எதிரிக்கு வந்துவிடும்.

எதிரிக் காலாட்படை உங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கியதும் வில்லாளரைப் பின்னால் இழுங்கள். எதிரி நெருங்கும்போது தானே பின்வாங்கும் ஸ்கர்மிஷ் முறையை நம்ப வேண்டாம்; பெரும்பாலும் அது தாமதமாகிறது. ஓடிவரும் வில்லாளரும் ஈட்டி வரிசையும் கலந்து நிற்கும்போது எதிரி வந்து மோதுவார். ஒரு முழு வீச்சு எய்யும் நேரத்தை இழந்தாலும், முன்கூட்டியே கையால் இழுப்பது மேல்.

வில்லாளர் கடந்து போனதும் ஈட்டிச் சுவரை அமைக்கக் கட்டளையிடுங்கள். வீரர்கள் நெருங்கி நின்று ஈட்டிகளைத் தாழ்த்தச் சற்று நேரம் எடுக்கும். மோதல் தொடங்கிய பின் இதைக் கேட்டால் பயனில்லை. சுவர் அமைந்த அணியைத் திரும்பச் சொல்லவோ முன்னேறச் சொல்லவோ வேண்டாம். அது மெதுவாக நகரும், வரிசை கலையும். துரத்தாமல் நின்ற இடத்தில் நிற்க, காவல் முறையையும் இயக்கிவையுங்கள்.

இந்தக் கட்டத்தில் வில்லாளரின் தானியங்கி எய்தலை நிறுத்த மறக்கக்கூடாது. மோதலில் கலந்துவிட்ட எதிரியின் மேல் எய்யும் அம்பு உங்கள் ஆட்களையும் கொல்லும். எதிரியின் பின்வரிசையில் இன்னும் மோதலில் சேராத அணி இருந்தால், அதை மட்டும் குறிவைக்கலாம்.

இனிக் காத்திருத்தல். எதிரியின் எல்லா அணிகளும் சுவரில் சிக்கும்வரை கட்டானா சாமுராயை அசைக்காதீர்கள். பொறுமை இழந்து அவர்களை முதலிலேயே ஏவினால், எதிரி தன் சேமப்படையை அவர்கள் மேல் திருப்புவார். எல்லோரும் சிக்கிய பின், இரு முனைகளையும் சுற்றிச் சென்று பக்கவாட்டில் தாக்கச் செய்யுங்கள். பக்கவாட்டுத் தாக்குதலும் பின்புறத் தாக்குதலும், கொல்லும் எண்ணிக்கையைவிட மனஉறுதியில்தான் அதிகம் வேலை செய்கின்றன.

குதிரைப்படை கடைசியில் நுழைகிறது. அதன் வலிமை முதல் பாய்ச்சலில் இருக்கிறது. பாய்ந்த பின் அங்கேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தால் காலாட்களிடம் தோற்றுப்போகும். பாய்ந்து, பின்வாங்கி, தூரம் எடுத்து, மீண்டும் பாய வேண்டும். எதிரியின் எஞ்சிய வில்லாளரும், சிக்கிய காலாட்களின் முதுகும் ஏற்ற இலக்குகள். எதிர்ப்பக்க ஈட்டி நிமிர்ந்து பார்க்கும் திசையிலிருந்து ஒருபோதும் செல்ல வேண்டாம்.

ஓர் அணியின் கொடி வெள்ளையாகச் சிமிட்டத் தொடங்கினால் அதன் மனம் தடுமாறுகிறது என்று பொருள். அந்த இடத்தில் இன்னோர் அழுத்தம் கொடுங்கள். ஓர் அணி ஓடினால் பக்கத்து அணியும் தளரும். வரிசையின் ஒரு முனையில் தொடங்கும் ஓட்டம் மறுமுனைவரை பரவும். உங்கள் அணியின் கொடி சிமிட்டினால் தளபதியை அருகில் கொண்டுவந்து, ஊக்கமூட்டும் திறனை அந்த அணிக்குப் பயன்படுத்துங்கள்.

எதிரி ஓடத் தொடங்கியதும் வெற்றி அறிவிப்பு வரும். அங்கே நிறுத்திவிடாமல் போரைத் தொடரும்படி தேர்வு செய்து, குதிரைகளைக் கொண்டு துரத்துங்கள். தப்பிய வீரர்கள் கோட்டைக்குள் புகுந்தால் அடுத்த சுற்றில் அவர்களோடே மீண்டும் போரிட நேரும்.

10. கோட்டைகள்

இந்த ஆட்டத்தில் காலாட்படை எந்தக் கருவியும் இல்லாமலேயே சுவரில் ஏற முடியும். ஆனால் ஏறும்போது சிலர் விழுந்து மடிவார்கள், மேலே சென்றவர்கள் களைத்திருப்பார்கள். ஆகவே ஒரே பக்கத்தில் எல்லோரையும் ஏற்றாமல், இரண்டு பக்கங்களில் பிரித்து ஏற்றுங்கள். எதிரி தன் ஆட்களை இரண்டு இடங்களுக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். உள்ளே இருப்பவர் குறைவு என்றால், வெளியிலிருந்து முதலில் அம்புகளைத் தீரும்வரை எய்துவிட்டு அதன்பின் ஏறுவது உயிர்களை மிச்சப்படுத்தும்.

அவசரம் இல்லையென்றால் முற்றுகையே நல்லது. அடைபட்ட படை பல நேரங்களில் வெளியே வந்து தாக்கும். அப்போது சுவரின் நன்மை அதற்கு இல்லை, திறந்த வெளியில் உங்கள் அணிவகுப்போடு மோத வேண்டும். குளிர்காலம் நெருங்கும்போது மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது.

11. வென்ற பின் உடனே செய்ய வேண்டியவை

கோட்டையைப் பிடித்ததும் கொள்ளையிடுவதா, அமைதியாக எடுத்துக்கொள்வதா என்று ஆட்டம் கேட்கும். கொள்ளையில் வரும் கோக்கு கண்ணைக் கவரும். மானம் குறைவதோ மெதுவாகத்தான் உறைக்கும். பணமுடை கடுமையாக இல்லாதவரை அமைதியான வழியைத் தேர்ந்தெடுங்கள்.

எதிரியின் முதன்மைப் படை அழிந்த சுற்றில் ராஜதந்திரத் திரையை மீண்டும் திறவுங்கள். அழிவுக்குப் பின் எதிரி சமாதானத்துக்கும், சில நேரம் பணம் கொடுப்பதற்கும்கூட இணங்கும் நிலையில் இருப்பார். எல்லா மாகாணங்களையும் பிடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் விரிவாக்கத்தைப் பார்த்து மற்றக் குலங்களின் மனக்கசப்பு ஏறிக்கொண்டே வருவதால், தேவைப்படும் இடத்தில் நின்று, வணிகத்தைப் புதுப்பித்து, காயம்பட்ட அணிகளைச் சொந்த மண்ணில் நிரப்பிக்கொள்வது பல நேரங்களில் மேலானது.

12. ரெல்ம் டிவைடுக்கு முன்னும் பின்னும்

நீங்கள் மாகாணங்களைப் பிடிக்கப் பிடிக்க உங்கள் குலத்தின் புகழ் ஏறும். அது உச்சத்தை அடைந்ததும், நாட்டை ஆளும் படைத்தலைவரான ஷோகன் உங்களை நாட்டின் எதிரியாக அறிவிப்பார். இதுதான் ரெல்ம் டிவைட். அன்றுமுதல் எல்லாக் குலங்களிடமும் உங்களுக்கு ஒரு கழித்தல் விழும். அது சுற்றுக்குச் சுற்று வளரும். வணிகங்கள் அறும், கூட்டாளிகள் ஒவ்வொருவராக எதிரிகளாவார்கள். ஷோகன் இருக்கும் தலைநகரான கியோட்டோவைப் பிடித்தாலும் இதே விளைவுதான். முந்தைய படிகளில் கவனமாகக் கட்டிய உறவுகள் எல்லாம் இந்த நாள்வரை தாங்குவதற்கானவை. அதற்கு அப்பால் அவற்றை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

ஆகவே குலத் திரையில் உள்ள புகழ் அளவீட்டை ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள். உச்சத்துக்கு ஒன்றிரண்டு மாகாணங்கள் குறைவாக இருக்கும்போது நில்லுங்கள். அங்கே நிற்காமல் எல்லையைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் மிகுதி; சிறிய மாகாணம் ஒன்றைப் பிடித்த மகிழ்ச்சியில், அடுத்த சுற்றிலேயே நாடு முழுவதும் எதிரியாக நிற்கிறார்கள்.

நின்ற இடத்தில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது வருமானச் சோதனை. நிதித் திரையைத் திறந்து, வணிகத்திலிருந்து வரும் தொகை முழுவதையும் கழித்துப் பாருங்கள். மீதி, படைகளின் பராமரிப்புச் செலவைத் தாங்குகிறதா? தாங்காவிட்டால் வயல்களையும் சந்தைகளையும் வளர்க்க இன்னும் சில ஆண்டுகள் செலவிடுங்கள். சந்தையும் பெரிய கோட்டைகளும் உணவைத் தின்னும் என்பதால் வயல்கள் முதலில்.

அடுத்தது எல்லைகள். மூடிய எல்லையில் இருக்கும் கூட்டாளியோடு உறவு எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அவ்வளவு காலம் அவர் தாங்குவார். பரிசு, திருமணம் எல்லாவற்றையும் இப்போது அவருக்காகச் செலவிடுங்கள். அதோடு, அவர் திரும்பும் நாளுக்காக அந்த எல்லைக் கோட்டையில் ஈட்டியும் வில்லும் கலந்த காவல்படையையும் இப்போதே நிறுத்துங்கள். சோசோகாபே போன்ற தீவுக் குலத்துக்கு இந்தக் காவல் கடலில் வேண்டும். கரையிறங்கும் படையைத் தேடி ஓடுவதைவிடக் கப்பலிலேயே தடுப்பது எளிது.

மூன்றாவது, தாக்கும் படைகள். முழு வலிமையுள்ள இரண்டு படைகளாவது கியோட்டோவை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று இருந்தால் நிம்மதி. கியோட்டோவில் அஷிகாகா ஷோகனின் காவல்படை வலிமையானது. ஒரு படை காயப்பட்டால் மற்றொன்று உடனே இடத்தை எடுக்க வேண்டும்.

எல்லாம் தயாரானதும், ஒரே பருவத்தில் இயன்ற அளவு கோட்டைகளைப் பிடியுங்கள். எப்படியும் கழித்தல் விழப்போகிறது என்பதால், ஒரு மாகாணத்துக்காக அதை ஏற்பதைவிட நான்கு மாகாணங்களுக்காக ஏற்பது நல்ல பேரம். கியோட்டோ அவற்றில் ஒன்றாகவோ, அதையடுத்த பருவத்தின் இலக்காகவோ இருக்கட்டும். பிடித்த பின் சில சுற்றுகள் தொடர்ந்து வைத்திருந்தால்தான் உங்கள் டைம்யோ ஷோகன் ஆவார். ஆகவே கியோட்டோவைப் பிடித்த படையை அங்கிருந்து நகர்த்தாமல், அடுத்த படையைக் கொண்டு முன்னேறுங்கள்.

இதற்குப் பிறகு வரும் போர்கள் பெரும்பாலும் தற்காப்புப் போர்களாக இருக்கும். பல குலங்கள் வந்தாலும், அவை ஒரே படையாக வருவது அரிது. தனித்தனியாக, வெவ்வேறு பருவங்களில் வரும். மேட்டில் ஈட்டிச் சுவர் அமைத்து ஒவ்வொன்றாக உடைத்து, ஆட்களை நிரப்பிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். இடையிடையே வெற்றி நிபந்தனைத் திரையைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். குறுகிய ஆட்டத்துக்கு கியோட்டோ உட்பட 25 மாகாணங்கள் வேண்டும். நீண்ட ஆட்டத்துக்கு 40. காலக்கெடு நெருங்கினால் தற்காப்பிலேயே தங்கிவிடாமல், எதிரியின் படை உடைந்த எல்லையில் அந்தப் பருவமே முன்னேறுங்கள்.